பவானி நீர்ப்பிடிப்புப் பிரதேசத்தில் நிலப் பாதுகாப்பு: அதற்குத் துணையாவனவும் தடையாவனவும்

ஆற்றுப் பாசனத்தை நம்பிய குடியானவர், தம் வாய்க்காலில் வரும் ஜலத்தின் அளவை நாள்தோறும் கவனிக்கிறார். அந்த ஜலம் எந்த மலையிலிருந்து எவ்வளவு மண்ணைச் சுமந்து வருகிறது என்பதை அவர் கவனிப்பது அரிது. மலைச்சரிவில் பயிரிடுபவரோ, மழைதோறும் தம் நிலத்தைவிட்டு வெளியேறும் கலங்கல் நீரைக் காண்கிறார். அது எங்கே சென்று தங்குகிறது என்று விசாரிப்பதில்லை. இவ்விருவரும் ஒருவரையொருவர் அறியாதவராயினும் ஒரே நதியின் குடிகளாவர். மேலிருப்பவர் இழக்கும் மண், கீழிருப்பவரின் அணையில் ஜலம் நிற்க வேண்டிய இடத்தை அடைத்துக்கொள்கிறது. இதனால் இருவருக்கும் நஷ்டமேயன்றி, எவருக்கும் லாபமில்லை.

மழைநீர் பல ஓடைகளின் வழியாக வந்து ஓர் ஆற்றில் கூடும் நிலப்பரப்பு முழுவதும் அவ்வாற்றின் நீர்ப்பிடிப்புப் பிரதேசம் எனப்படும். இத்தகைய பெரும் பிரதேசத்தில் மண் காக்கப்படுவதும் அழிவதும் மழையையும் சரிவையும் மட்டும் பொறுத்தவையல்ல. குத்தகை முறை, விளைபொருளின் விலை, அண்டை நிலத்தாரின் ஒற்றுமை ஆகியவற்றையும் பொறுத்தவை. பவானி நதியை உதாரணமாகக் கொண்டு இக்காரணங்களை ஒவ்வொன்றாக ஆராய்தல் பயன் தரும்.

பிரதேசத்தின் இயல்பு

பவானி நதி நீலகிரி மலையின் தென்மேற்குப் பகுதியில் உற்பத்தியாகி, கேரளத்தின் அட்டப்பாடிப் பள்ளத்தாக்கில் புகுந்து, முக்காலிக்கு அருகில் திசை திரும்பி, மீண்டும் தமிழ்நாட்டை அடைகிறது. பின்னர் பில்லூர், மேட்டுப்பாளையம் வழியாகச் சமவெளிக்கு இறங்குகிறது. நீலகிரியின் வடபுறத்து நீரைக் கொண்டுவரும் மோயாறு பவானிசாகர் நீர்த்தேக்கத்தில் இதனுடன் கூடுகிறது. அதன்பின் சத்தியமங்கலம், கோபிசெட்டிபாளையம் பகுதிகளைக் கடந்து, பவானி நகரத்தில் நதி காவேரியில் கலக்கிறது. இதன் நீர்ப்பிடிப்பு ஏறக்குறைய 6,200 சதுர கிலோமீட்டர். அதில் சுமார் 87 சதவிகிதம் தமிழ்நாட்டிலும், 9 சதவிகிதம் கேரளத்திலும், 4 சதவிகிதம் கர்நாடகத்திலும் உள்ளன.

பவானிசாகர் அணையின் வேலை 1948-ஆம் வருஷத்தில் தொடங்கி 1955-ஆம் வருஷத்தில் முடிவுற்றது. அதன் கொள்ளளவு 3,280 கோடி கன அடி. கீழ்பவானி வாய்க்காலின் ஆயக்கட்டு மட்டும் 2,07,000 ஏக்கர். இதனினும் மிகப் பழமையான காலிங்கராயன் வாய்க்காலும், கொடிவேரி அணைக்கட்டிலிருந்து பிரியும் தடப்பள்ளி, அரக்கன்கோட்டை வாய்க்கால்களும் இந்த நதியையே நம்பியுள்ளன. மலைமேல் குந்தா மின்சாரத் திட்டத்தைச் சேர்ந்த அவலாஞ்சி, எமரால்டு, மேல்பவானி, பில்லூர் முதலிய நீர்த்தேக்கங்கள் இருக்கின்றன. ஆகவே, நீலகிரியின் ஒரு சரிவில் பெயர்ந்த மண், வயலை அடைவதற்கு முன்னரே மின்சார உற்பத்திக்கும் குடிநீருக்கும் இடையூறு விளைவிக்கிறது. பில்லூர் அணையில் வண்டல் பெருமளவில் சேர்ந்திருப்பது இதற்குச் சான்றாகும்.

மழை, சரிவு, மண், போர்வை

இயற்கைக் காரணங்களுள் முதலாவது மழை. இப்பிரதேசம் முழுவதிலும் மழை ஒரே விதமாகப் பெய்வதில்லை. அவலாஞ்சி, மேல்பவானி முதலிய மேற்குப் பாகங்கள் தென்மேற்குப் பருவத்தில் கனமழை பெறுகின்றன. குன்னூர், கோத்தகிரி முதலிய கிழக்குப் பாகங்களுக்கு வடகிழக்குப் பருவமழை முக்கியம். மோயாற்றுப் பள்ளத்தாக்கோ மழை மறைவில் உள்ள வறண்ட பூமி. 2019-ஆம் வருஷம் ஆகஸ்டு மாதத்தில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் மழை பதிவாயிற்று. 2009-ஆம் வருஷம் நவம்பர் மாதத்தில் நீலகிரியின் கிழக்குப் பாகங்களில் பெய்த பெருமழையால் மலைச்சரிவுகள் பெயர்ந்து நாற்பதுக்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். வருஷ மழையின் மொத்த அளவைக் காட்டிலும், அஃது எத்தனை மணி நேரத்தில் பெய்கிறது என்பதே மண்ணுக்கு முக்கியம்.

இரண்டாவது காரணம் சரிவு. தொட்டபெட்டாச் சிகரம் 2,637 மீட்டர் உயரமுள்ளது. அதன் அடிவாரத்து மேட்டுப்பாளையமோ சுமார் 300 மீட்டர் உயரத்திலேயே இருக்கிறது. சரிவு செங்குத்தாயிருந்தாலும், தடையின்றி நீண்டிருந்தாலும், ஓடும் நீரின் வேகம் அதிகரிக்கும். வேகம் இரு மடங்கானால், நீரின் தாக்கும் சக்தி நான்கு மடங்காகிறது. மலையின் சரிவை மாற்ற மனிதரால் இயலாது. ஆனால், நீர் தடையின்றி ஓடும் தூரத்தைத் துண்டு துண்டாகப் பிரிக்க இயலும். வரப்பு, படித்தளம், குறுக்குக் கால் ஆகிய யாவற்றிற்கும் அடிப்படைத் தத்துவம் இதுவே.

மூன்றாவது மண்ணின் தன்மை. மக்கு நிறைந்த மண் மழைத்துளியின் அடியைத் தாங்கி, நீரை உள்ளே இழுத்துக்கொள்ளும். மக்கு குறைந்த மண்ணோ மழையில் சேறாகி, மேற்பரப்பு இறுகி, நீரை வெளியே தள்ளிவிடும். நான்காவது, நிலத்தின்மேல் உள்ள போர்வை. காடும், புல்லும், நன்கு மூடிய தேயிலைச் செடியும், களத்தில் விடப்பட்ட சருகும் மழைத்துளியின் வேகத்தைத் தாமே ஏற்றுக்கொள்கின்றன. மழையும் சரிவும் மனிதர் வசத்தில் இல்லை. மக்கும் போர்வையும் பெரும்பாலும் அவர் வசத்திலேயே உள்ளன.

மண் இழப்பு கண்ணுக்குப் புலப்படாமல் நிகழ்வதால் அலட்சியத்துக்கு உள்ளாகிறது. ஓர் ஏக்கரில் ஒரு மில்லிமீட்டர் கனமுள்ள மேல்மண் போனால், அதன் அளவு சுமார் 4 கன மீட்டர். எடை ஏறக்குறைய 5 டன். ஓர் அங்குலம் போய்விட்டால் நஷ்டம் 120 டன்னுக்குக் குறையாது. ஒரு மில்லிமீட்டர் குறைந்ததை எந்தக் குடியானவரும் கண்ணால் அறியமாட்டார். கற்கள் மேலே தெரிவதும், மரங்களின் வேர் வெளிப்படுவதும், வேலிக்கால்களின் அடி புலப்படுவதும், அதே எருவுக்கு மகசூல் குறைவதுமே அதன் அடையாளங்கள்.

பயிரும் பயிரிடும் முறையும்

நீலகிரியில் உருளைக்கிழங்கு ஐரோப்பியரால் 19-ஆம் நூற்றாண்டில் புகுத்தப்பட்டு, பின்னர் மலைவாசிகளின் முக்கியப் பயிராயிற்று. முட்டைக்கோஸ், காரட் முதலியனவும் பெருகின. இவை யாவும் மண்ணை ஆழக் கொத்திப் பொடியாக்கும் பயிர்கள். கிழங்கின் பிரதான போகம் ஏப்ரல் முதல் செப்டம்பர் வரையிலும், அடுத்த போகம் ஆகஸ்டு முதல் டிசம்பர் வரையிலும் நிகழ்கின்றன. தென்மேற்குப் பருவமும் வடகிழக்குப் பருவமும் இக்காலங்களிலேயே வருகின்றன. மண் அணைப்பதும், களை கொத்துவதும், கிழங்கு அகழ்வதும் பெருமழைக்கு நேராக அமைந்துவிடுவது இப்பயிரின் பெரிய குறை.

சரிவுக்கு நேராக மேலிருந்து கீழாகப் பார் பிடிக்கும் வழக்கத்தை வெறும் அறியாமை என்று கூறுதல் தகாது. பாரில் நீர் தேங்கினால் கிழங்கு அழுகும் என்ற அச்சத்தால் அவ்வழக்கம் நிலைபெற்றது. அந்த அச்சத்துக்கு ஆதாரமும் உண்டு. ஆயினும், அவ்வாறு பிடித்த ஒவ்வொரு பாரின் சாலும் ஒரு சிறு ஓடையாக மாறி, இட்ட எருவையும் ரசாயன உரத்தையும் மேல்மண்ணுடன் கொண்டுபோகிறது. பாரைச் சரிவுக்குக் குறுக்கே, நீர் மெதுவாக வடியத்தக்க சிறிய சாய்வுடன் பிடித்தால், அழுகலும் நேராது, அரிப்பும் குறையும். மேலும், கொத்தும் ஆள் மேல்நோக்கி நின்று மண்ணைத் தம் பக்கம் இழுக்கும்போது, ஒவ்வொரு கொத்துக்கும் மண் சிறிது கீழே நகர்கிறது. மழை பெய்யாத நாளிலும் நிகழும் இந்த நஷ்டத்தைப் பலர் உணர்வதில்லை.

தேயிலை நன்கு படர்ந்து நிலத்தை மூடிய பிறகு மண்ணைக் காப்பதில் சிறந்தது. ஆனால், நட்ட முதல் சில வருஷங்களில் வரிசைகளுக்கிடையே நிலம் திறந்து கிடப்பதால் அரிப்பு மிகுதி. அக்காலத்தில் சரிவுக்குக் குறுக்கே, இடையிடையே திட்டு விட்டு வெட்டப்படும் கால்களும், மூடுபயிரும், சருகுப் போர்வையும் அவசியமாகும்.

மரம் நடுவதிலும் யோசனை வேண்டும். நீலகிரியின் இயற்கையான சோலைகளும் புல்வெளிகளும் இருந்த இடங்களில் யூகலிப்டஸ் எனும் தைல மரமும் வாட்டில் மரமும் பெருமளவில் பயிரிடப்பட்டன. மோயாற்றின் நீர்ப்பிடிப்பைச் சேர்ந்த கிளென்மார்கனில், அருகருகே அமைந்த இரு சிறு நீர்ப்பிடிப்புகளை ஒப்பிட்டு நடத்திய ஆராய்ச்சியில், தைல மரம் நட்ட பகுதியின் ஓடைநீர் முதல் பத்து வருஷச் சுற்றில் சுமார் 16 சதவிகிதம் குறைந்தது. மறுதாம்பில் இக்குறைவு இன்னும் மிகுந்தது. ஆகவே, மண்ணைக் காக்கும் மரம் யாவும் நீரையும் காக்கும் என்று கொள்வது சரியன்று. ஓடைகளின் தலைப்பில் சோலைமரங்களையும் புல்லையும் நிலைநிறுத்துவதே உத்தமம்.

நில உடைமையும் விலையும்

மேற்கூறியவை குடியானவர்கள் பெரும்பாலும் அறிந்தவையே. அறிந்தும் செய்யாமைக்குக் காரணங்கள் உண்டு. அவற்றுள் தலையானது குத்தகை முறை. காய்கறி நிலங்கள் பல, ஒரு போகத்துக்கோ ஒரு வருஷத்துக்கோ குத்தகைக்கு விடப்படுகின்றன. படித்தளம் அமைப்பதற்கான செலவு முதல் வருஷத்திலேயே நேரிடுகிறது. அதன் பயனோ பல வருஷங்களில் சிறிது சிறிதாகவே கிடைக்கிறது. அடுத்த வருஷம் அந்நிலம் தம்மிடம் இருக்குமோ இராதோ என்ற ஐயமுள்ள குத்தகைதாரர் அச்செலவை ஏற்பார் என்று எதிர்பார்ப்பது நியாயமன்று. நிலச்சொந்தக்காரரோ வேறிடத்தில் வசித்து, குத்தகைத் தொகை வருவதை மட்டுமே கவனிக்கிறார். இவ்விருவருக்கும் இடையில் மண் அழிகிறது.

இரண்டாவது, விலையின் ஏற்றத்தாழ்வு. உருளைக்கிழங்கு நஷ்டமளித்தபோது பல சிறு குடியானவர்கள் தேயிலைக்கு மாறினர். 1962-ஆம் வருஷத்தில் குந்தாவில் கூட்டுறவுத் தேயிலைத் தொழிற்சாலை ஏற்பட்டது முதல், பச்சை இலையை விற்கும் வசதியும் படிப்படியாகப் பெருகியது. ஆனால், 1990-ஆம் வருஷங்களின் இறுதியில் இலையின் விலை வீழ்ந்தபோது அநேகர் பெரும் கஷ்டத்துக்கு உள்ளாயினர். விலை வீழும்போது தேயிலையைப் பிடுங்கி மீண்டும் காய்கறி பயிரிடும் எண்ணம் எழுகிறது. ஸ்திரமான விலை கிடைக்கும் பயிரே மண்ணையும் ஸ்திரமாக நிறுத்தும். எனவே, கூட்டுறவும் விற்பனை வசதியும் மண் பாதுகாப்புக்குப் புறம்பானவையல்ல.

மூன்றாவது, நிலம் துண்டுபடுதல். பாகப்பிரிவினையின்போது நிலங்கள் பெரும்பாலும் மேலிருந்து கீழாக நீண்ட பட்டைகளாகப் பிரிக்கப்படுகின்றன. அத்தகைய பட்டையில் சரிவுக்குக் குறுக்கே எதையும் அமைப்பது கடினம். ஒருவர் அமைத்தாலும் அண்டை நிலத்தார் அமைக்காவிடில் நீர் பக்கவாட்டில் புகுந்து உடைத்துவிடும். மேல்நிலத்தார் தம் நீரைக் கீழ்நிலத்தின்மேல் திருப்பிவிடுவதும், கீழ்நிலத்தார் வடிகாலை அடைத்துவிடுவதும் கிராமங்களில் ஓயாத வழக்குகளுக்கு வித்தாகின்றன. ஓடும் நீர் பட்டா எல்லையை அறியாது. அது சரிவை மட்டுமே அறியும்.

நான்காவது, சாலைகளும் கட்டடங்களும். சாலைக்காகச் சரிவைச் செங்குத்தாக வெட்டுவதும், பல ஏக்கரின் நீரை ஒரே குறுக்குப் பாலத்தில் கூட்டிக் கீழே விடுவதும், அந்த இடத்தில் பெரும் பள்ளங்களைத் தோண்டிவிடுகின்றன. வெளிவிடும் நீருக்கு ஓடைவரை கல் பாவிய வழி அமைப்பது சாலை வேலையின் பகுதியாகவே கருதப்பட வேண்டும்.

இதுவரை நடந்த முயற்சிகள்

உதகமண்டலத்தில் 1954-ஆம் வருஷத்தில் மண்வளப் பாதுகாப்புக்கான மத்திய ஆராய்ச்சி, பயிற்சி நிலையம் நிறுவப்பட்டது. மூன்றாம் ஐந்தாண்டுத் திட்ட காலத்தில், பெரிய அணைகளின் நீர்ப்பிடிப்புகளில் மண்ணைக் காப்பதற்காக மத்திய அரசாங்கம் ஏற்படுத்திய திட்டத்தில் குந்தாவும் சேர்க்கப்பட்டது. ஐந்தாம் திட்ட காலத்தில் மலைப்பிரதேச அபிவிருத்தித் திட்டம் நீலகிரிக்கு வந்தது. 1955-ஆம் வருஷத்தில் மலைப்பிரதேச மரங்களைக் காக்கும் சட்டமும், 1959-ஆம் வருஷத்தில் நில அபிவிருத்தித் திட்டச் சட்டமும் இயற்றப்பட்டன. அட்டப்பாடியில் கேரள அரசாங்கம் 1996-ஆம் வருஷம் முதல் ஜப்பானியக் கடனுதவியுடன் தரிசு நிலங்களை மீட்கும் பெரிய திட்டத்தை நடத்தியது.

படித்தளமும் தடுப்பணையும் அமைப்பது ஓரிரு வருஷ வேலை. அவற்றைக் காப்பதோ தலைமுறை வேலை. உடைந்த கற்சுவரின் ஒரு முழத்தை உடனே அடைக்காவிட்டால், அடுத்த பருவத்தில் அதன் கீழுள்ள படிகள் யாவும் சரியும். சர்க்கார் செலவில் வந்தது சர்க்காருக்கே உரியது என்று குடியானவர் கருதும் இடத்தில் எந்த வேலையும் நிலைப்பதில்லை.

படித்தளம் அமைப்பதற்கு ஒரு கணக்கு

நூற்றுக்கு 25 அடி இறங்கும் சரிவை உதாரணமாகக் கொள்ளலாம். அதில் 16 அடி அகலத்துக்கு ஒரு படி வைத்தால், ஒரு படிக்கும் அடுத்த படிக்கும் உயர வித்தியாசம் 4 அடி. உள்பக்கத்தில் 2 அடி ஆழம் வெட்டி, அம்மண்ணை வெளிப்பக்கத்தில் 2 அடி உயரம் நிரப்ப வேண்டும். மேல்மண் ஒன்றரை அடியே இருக்கும் நிலத்தில் இவ்வாறு செய்தால், உள்பக்கத்தில் வளமற்ற அடிமண் வெளிப்பட்டு, சில வருஷங்களுக்கு மகசூல் குறையும். அங்கே படியின் அகலத்தை 8 அடியாகக் குறைத்தால், வெட்டும் ஆழம் 1 அடியாகும். அகன்ற படியே வேண்டுமெனில், முதலில் மேல்மண்ணை ஒதுக்கி வைத்து, வேலை முடிந்தபின் பரப்ப வேண்டும். மண்ணின் ஆழத்தைக் குழி தோண்டிப் பார்க்காமல் அகலத்தை நிச்சயிப்பது தவறு.

கனமழை பெறும் மலைநிலத்தில் படி வெளிப்பக்கம் சாயலாகாது. உள்பக்கமாக 40 அடிக்கு 1 அடி வீதமும், நீளவாட்டில் 100 அடிக்கு 1 அடி வீதமும் சாய்வு இருந்தால், நீர் உள்பக்கத்துக் காலில் கூடி, புல் வளர்த்த வடிகாலை மெதுவாக அடையும். படியின் முகப்பைக் கல் கிடைக்குமிடத்தில் கல்லாலும், கிடைக்காவிடில் வேர் பின்னிப் பிடிக்கும் புல்லாலும் காக்கலாம். கொத்தர்கள் உபயோகிக்கும் நீர் நிரப்பிய மட்டக்குழாயே மட்டம் பார்க்கப் போதும்.

அடிவாரத்தின் வறண்ட புன்செய்களுக்கு இம்முறை பொருந்தாது. மலைமேல் மிகுந்த நீரைத் தீங்கின்றி வெளியேற்றுவது நோக்கம். அடிவாரத்தில் கிடைக்கும் சிறு மழையை நிலத்திலேயே நிறுத்துவது நோக்கம். ஆகையால், அங்கே சம உயர வரப்பும், குறுக்கு உழவும், மிகுநீர் வழிய ஒரு கலிங்கும் போதுமானவை. ஒரே நதியின் நீர்ப்பிடிப்பாயினும், சிகிச்சை இடத்துக்கு இடம் மாறுபடும்.

நிலச்சொந்தக்காரரும் கிராம அதிகாரிகளும் செய்யத்தக்கவை

வேலை எப்பொழுதும் மேட்டிலிருந்து பள்ளத்துக்கு இறங்க வேண்டும். மேல்நிலம் திறந்து கிடக்கும்போது ஓடையின் அடியில் கட்டும் தடுப்பணை இரண்டொரு மழையில் மண்ணால் நிரம்பிவிடும். முதலில் உச்சியின் புல்லும் மரமும், அடுத்து சாகுபடி நிலம், பின்னர் வடிகால், இறுதியில் ஓடை என்ற வரிசையே ஏற்றது.

நிலச்சொந்தக்காரர்கள் கவனிக்கத்தக்கவை வருமாறு:

1. குத்தகையை ஐந்து வருஷத்துக்குக் குறையாமல் எழுத்து மூலம் ஏற்படுத்தி, படித்தளச் செலவில் தம் பங்கையும், பராமரிப்பில் குத்தகைதாரரின் பங்கையும் அதில் குறிக்க வேண்டும்.

2. பாகப்பிரிவினையில் நிலத்தைச் சரிவுக்குக் குறுக்காகப் பிரித்து, பொது வடிகாலையும் பாதையையும் எல்லோருக்கும் பொதுவாக விட வேண்டும்.

3. செங்குத்தான நிலத்தைக் காய்கறிக்குக் கொத்தாமல், தேயிலை, தீவனப்புல், மரம் ஆகியவற்றுக்கு ஒதுக்க வேண்டும்.

4. பருவமழைக்கு முன்பும் பின்பும் சுவர், கால், வடிகால் ஆகியவற்றைச் சுற்றிப் பார்த்துப் பழுது நீக்க வேண்டும்.

கிராம அதிகாரிகள் கவனிக்கத்தக்கவை வருமாறு:

1. ஓடைப் புறம்போக்குகளின் எல்லையை நிலத்தில் காட்டி, ஆக்கிரமிப்பை ஆரம்பத்திலேயே தடுக்க வேண்டும்.

2. வடிகால் பற்றிய தகராறுகளில், இரு தரப்பாரையும் மழை பெய்யும் நாளில் அவ்விடத்துக்கே அழைத்து, நீர் செல்லும் வழியைக் காட்டிச் சமாதானம் செய்விக்க முயல வேண்டும்.

3. மானியத்துக்கும் கடனுக்கும் மனுச் செய்வோரைத் தனித்தனியே அனுப்பாமல், ஒரே ஓடையில் நீர் விடும் நிலத்தார் யாவரையும் ஒரு குழுவாகச் சேர்த்து அனுப்ப வேண்டும்.

பவானியின் நீர்ப்பிடிப்பு மூன்று ராஜ்யங்களில் பரவியதாயினும், அது சின்னஞ்சிறு ஓடைகளின் தொகுதியே. ஓர் ஓடையில் நீர்விடும் பத்துப் பதினைந்து குடும்பத்தார் ஒன்றுகூடினால் அந்த ஓடை தெளியும். ஓடைகள் தெளிந்தால் ஆறு தெளியும். ஆயக்கட்டுக் குடியானவர்களும், மலைமேல் நடக்கும் மண் பாதுகாப்பு வேலைக்குச் செலவிடப்படும் பொதுப்பணத்தைத் தங்கள் வாய்க்கால் மராமத்துச் செலவைப் போன்றதாகவே கருதி ஆதரித்தல் வேண்டும். அணையில் ஒருமுறை தங்கிய வண்டலை அகற்றுவதற்கு ஆகும் செலவும் சிரமமும் மிகப் பெரியவை. அவ்வண்டலை அது பிறந்த வயலிலேயே நிறுத்துவது அதனினும் எளிது. அவ்வயலின் மகசூலுக்கும் அதுவே நன்மை.